மருந்தடிக்கும் முன் நாசிலைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! மருந்தடிக்கும் மெஷினின் நுனியில் தண்ணீர் வெளியே வரும் முனைதான் நாசில். இந்த மஞ்சள் நாசிலைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். '110-02' என்று பொறித்திருப்பது தெரிகிறதா? 110 என்பது தண்ணீர் விரியும் கோணம், டிகிரியில். 02 என்பது அளவு. 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் வரும். நீல நிறம் வாங்கினால் 03, அதாவது 1.2 லிட்டர். சிவப்பு 04, அது 1.6 லிட்டர். ஐஎஸ்ஓ என்ற உலகத் தர முறைப்படி வரும் நாசில்களுக்கு எந்தக் கம்பெனியானாலும் இதே நிறக்கணக்குதான்.

இதன் வாயைப் பாருங்கள், ஒரு சின்னக் கீறல். அதனால் தண்ணீர் விசிறி மாதிரி தட்டையாக வருகிறது. களைக்கொல்லிக்கு இதுதான் சரி. பூச்சிமருந்துக்கு இந்தக் கோன் நாசில், அதாவது கூம்பு மாதிரி தெளிப்பது. உள்ளே சுழன்று வருவதால் துளிகள் பல பக்கமிருந்தும் இலைகளுக்கு இடையில் புகும். நம்மில் பலர் மெஷினோடு வந்த ஒரே நாசிலை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். அது வேண்டாம்.

துளியைப் பொடியாக்குவதில் என்ன லாபம்? 1 மில்லிமீட்டர் துளி ஒன்றை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 1000 கிடைக்கும். தண்ணீர் அதேதான், ஆனால் மேற்பரப்பு 10 மடங்கு. பால் பவுடர் தொழிற்சாலையிலும் இதே கணக்குதான். கெட்டியாக்கிய பாலைச் சூடான காற்றுக்குள் பொடித்துளியாகத் தெளிக்கிறார்கள், கீழே விழுவதற்குள் காய்ந்து பவுடராகிவிடுகிறது. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அப்படித்தான், நன்றாக எரிய வேண்டுமே!

ஆனால் வயலில் ரொம்பப் பொடியாகவும் போகக் கூடாது. 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்து வயலில் இருப்பவரும் அதை மூச்சில் இழுக்க வேண்டிவரும். களைக்கொல்லி என்றால் அவருடைய பயிரே போச்சு. பிரஷரை ஏற்றி வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் இரண்டு மடங்கு வர, பிரஷரை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். துளிதான் இன்னும் பொடியாகும். அளவு கூடவேண்டுமென்றால் பெரிய நாசிலை மாற்றுங்கள்.

அப்புறம் தேய்மானம். பித்தளை சீக்கிரம் தேயும், செராமிக் ரொம்ப நாள் உழைக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். டேங்கை நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் அளவு ஜாடியில் பிடியுங்கள். அதே மெஷினில் அதே அளவுப் புது நாசில் போட்டு மறுபடியும் பிடியுங்கள். புதியதில் 800 மில்லி, பழையதில் 880-ஐத் தாண்டுகிறதா? தூக்கிப் போடுங்கள். பத்து சதவீதம் கூடினாலே மருந்தும் காசும் வீணாகிறது.

அடைத்துக்கொண்டால் ஊசி, கம்பி எதுவும் விடாதீர்கள், வாய் கெட்டுவிடும். தயவுசெய்து உதட்டில் வைத்து ஊதவே ஊதாதீர்கள், அதில் இருப்பது விஷம். கையுறை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். அந்தப் பிரஷை மருந்து மெஷினோடு தனியாக வைத்துவிடுங்கள், குழந்தைகள் கை படாத இடத்தில்.