ஆதாரம் காட்டு, இல்லையேல் நீக்கு

(டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

யார் கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று கிரெடிட் பீரோ என்னும் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கும் கடன் பதிவில் ஒரு தவறு ஏறிவிட்டால் வீட்டுக் கடன் நின்றுபோகும், கார்க் கடன் நின்றுபோகும். காசு கையாளும் வேலைக்குப் போனால் அங்கேயும் அதை எடுத்துப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "பிளாக்லிஸ்ட்ல போட்டுட்டான்" என்று புலம்பிவிட்டு, பெயரைத் துடைத்துத் தருகிறேன் என்று விளம்பரம் போடுகிறவனிடம் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பதிவு தவறு என்றால் அதை விசாரிக்க ஒரு சென்ட்கூட வாங்கக் கூடாது என்கிறது சட்டம்.

நம் தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டம், 72ஆம் பிரிவு. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பதிவை இலவசமாகப் பார்க்கலாம், தப்பு இருந்தால் ஆட்சேபிக்கலாம். அதற்கு அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கடன் வாங்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை! வாங்கினீர்கள் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரத்தைப் பதிவை வைத்திருக்கிற கிரெடிட் பீரோதான் தேடி, 20 வேலை நாளுக்குள் அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். கிடைக்கவில்லையா, அந்தத் தகவலைச் சுவடில்லாமல் நீக்க வேண்டும். உங்கள் ஆட்சேபத்துக்கு முடிவு தெரியும்வரை அதை வேறு யாருக்கும் சொல்லவும் கூடாது. வாங்காத கடனுக்கு யாரிடம் போய் ரசீது கேட்பது? சட்டம் எழுதியவர்களுக்கு அது புரிந்திருக்கிறது.

நமக்கு இது இன்னும் அவசியம். நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த பாட்டன்மார் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். இன்று எங்கே திரும்பினாலும் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி. முதலெழுத்தும் ஒன்றாக இருக்கும், சில சமயம் தெருவும் ஒன்றாக இருக்கும். 13 இலக்க ஐடி எண்ணைச் சரிபார்க்காமல் ஒருவர் கணக்கை இன்னொருவர் தலையில் கட்ட எவ்வளவு நேரமாகும்? நகல் கைக்கு வந்ததும் கையெழுத்தைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

ஓட்டை இல்லாத சட்டமா? இல்லை. "நியாயமான நடவடிக்கை" எடுத்துத் தேட வேண்டும் என்கிறதே ஒழிய, எது நியாயம் என்று அந்தப் பிரிவு விரித்துச் சொல்லவில்லை. கிரெடிட் பீரோ, கடன் கொடுத்ததாகச் சொல்லும் கடைக்கு ஒரு ஈமெயில் போட்டு, கடை "சரிதான்" என்று பதில் போட்டால், தேடியாகிவிட்டது என்று சாதித்துவிடலாம். அமெரிக்காவிலும் இதே சண்டைதான். கடன் பதிவு பற்றிய அவர்கள் சட்டம் 1970இல் வந்தது, விசாரணைக்குப் பொதுவாக 30 நாள் கெடு. அடுத்தவர் சொன்னதைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பது மட்டும் விசாரணை ஆகாது என்று 1997இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சண்டை இன்னும் ஓயவில்லை.

நம் பாராளுமன்றம் 2014இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடனைக் கட்டி முடித்தால் கடன் கொடுத்தவர் 7 நாளில் பீரோவுக்குத் தெரிவிக்க வேண்டும், பீரோ அடுத்த 7 நாளில் பாதகமான பதிவை நீக்க வேண்டும். கடன் பட்டவருக்கு நல்ல காரியம். கடனே படாதவருக்கு 72ஆம் பிரிவுதான் கதி. விசாரிக்கிறவர் மூல ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த திருத்தத்தில் இந்த ஒரு வரி சேர வேண்டும் என்பது என் வாதம். ஓட்டுக் கேட்டு இந்த மண்டபத்துக்கு வருகிறவர்களிடம் இதையும் கேளுங்கள்.

அதுவரை, போனில் பேசியதோடு விடாமல் எழுத்தில் ஆட்சேபித்து, ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வந்த ஆதாரம் திருப்தி இல்லையென்றால், அது கைக்கு வந்த 20 வேலை நாளுக்குள் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்திடம் விசாரிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். கடிதம் எழுதத் துணை வேண்டியவர்கள் ஐடியோடு பின்வரிசை மேசைக்கு வாருங்கள், சாப்பாடு முடியும்வரை அங்கேதான் இருப்பேன்.