மாமாவின் ரப்பர் விளையும் காடழிப்பு வரைபடமும்

(திரையில்: வெள்ளறடைப் பக்கம் ஒரு ரப்பர் விளை, புதுக் கன்று வரிசைகள்)

இது எங்கள் மாமாவின் விளை, அதாவது தோட்டம். குமரி மாவட்ட எல்லையில் பளுகல் தாண்டினால் கேரளம், அங்கே இருக்கிறது. பால் வற்றிப்போன பழைய ரப்பரை முறித்துவிட்டுப் புதுக் கன்று வைத்திருக்கிறார். உலகக் காடழிப்பு வரைபடத்தைப் போனில் காட்டினேன், சரியாக இந்த விளை மேல் இளஞ்சிவப்பு, மரம் போன இடம் என்று. "மக்களே, நான் எந்தக் காட்டை அழிச்சேன்?" என்றார். நியாயமான கேள்விதான்.

லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் பிடிக்கின்றன. இந்த வரைபடத்துக்குப் பயன்படும் லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட். ஒரு ஏக்கர் விளை மொத்தமே நாலரைப் புள்ளிதான்! இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், மரம் போனால் அது சட்டென்று மாறும், அந்த மாற்றத்தை வருஷா வருஷம் பார்த்து நிறம் போடுகிறார்கள். 2008இல் படங்கள் இலவசமான பிறகு வேலை சூடு பிடித்தது. 2013இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று, 2000 முதல் 2012 வரை உலகம் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் மரப்பரப்பை இழந்தது என்று காட்டியது.

மரப்பரப்பு என்றுதான் சொன்னேன், காடு என்று சொல்லவில்லை. 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எல்லாமே அதில் மரம், ரப்பரா காட்டு ஈட்டி மரமா என்று பார்க்காது. மாமா மாட்டியது அங்கேதான். நம் நாட்டு வனக் கணக்கும் லேசுப்பட்டதல்ல: 1 ஹெக்டேருக்கு மேல் நிலம், 10 சதவீதத்துக்கு மேல் மரநிழல் இருந்தால் யார் நிலமானாலும் வனப்பரப்பு. காட்டை வெட்டி ரப்பர் வைத்தாலும் சில வருஷத்தில் கணக்கு நேராகிவிடும், எனக்கு இதுதான் உறுத்துகிறது. அப்புறம், ரப்பர் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இலை உதிர்க்கும். அந்த மாதப் படத்தை அக்டோபர் படத்தோடு ஒப்பிட்டால் மொட்டையாகத்தான் தெரியும்.

(திரையில்: பிரேசில், ரொண்டோனியா)

அதனால் நிறத்தோடு வடிவத்தையும் பாருங்கள். இங்கே நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைகள், ஒவ்வொன்றின் இருபுறமும் வெட்டு, அப்படியே மீன் முள். இந்தோனேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டம் என்றால் பெரிய பெரிய கட்டங்கள். காங்கோவில் குடும்பங்கள் பயிர் செய்யத் திருத்திய சின்னத் திட்டுகள்.

வேகம்? 100 ஹெக்டேர் 10 வருஷத்தில் 50 ஆனால் வருஷத்துக்கு 5 சதவீதம் என்று வகுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் குறைகிறது, வட்டிக்கு வட்டி தலைகீழாக ஓடுகிறது, சரியான விடை சுமார் 6.7. அந்த வேகமும் நிலையாக இருப்பதில்லை: பிரேசில் அமேசானில் 2004இல் மட்டும் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் போனது, கேரளாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் என்று வையுங்கள். 2012இல் அது 5,000க்கும் கீழே இறங்கியது.

மாமாவிடம் இவ்வளவும் சொன்னேன். "சரி சரி" என்று போனை வாங்கிக்கொண்டு, பக்கத்து விளைக்காரர் எந்த வருஷம் மரம் முறித்தார் என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.