ஏன் என்று கேட்பதும் விசுவாசம்தான்

வணக்கம் நேயர்களே.

"இத்தனை ஜெபம் பண்ணினோமே, அப்புறமும் ஏன் இப்படி?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலும் துக்க வீட்டிலும் இந்தக் கேள்வி எழும்போது பக்கத்தில் நிற்பவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எதையாவது சொல்லிக் கேள்வியை அடக்கிவிடத் தோன்றும். அன்பான தேவன் தம்மை நம்பினவர்களை ஏன் பாடுபட விடுகிறார் என்பதற்குச் சபை நெடுங்காலமாகப் பதில் தேடி வந்திருக்கிறது. அந்தப் பதில்களில் உண்மை உண்டு. ஆனால் எந்தப் பதில் யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் ஆகும், புண்ணாகவும் ஆகும்.

முதல் பதில் சுயசித்தம். அன்பு செலுத்தும் உரிமை பெற்றவனுக்குத் தீங்கு செய்யவும் வழி இருக்கத்தான் செய்யும். போருக்கும், துரோகத்துக்கும், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனால் நேர்ந்த விபத்துக்கும் இது பொருந்தும். நிலநடுக்கத்துக்கும் குழந்தைக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்கும் இது எட்டாது.

அடுத்தது, பாடுகள் நம்மைப் பக்குவப்படுத்துகின்றன என்பது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும் (அதாவது சோதனையில் தேறிய குணத்தையும்), பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று ரோமர் 5ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். உபத்திரவங்களில் "மேன்மைபாராட்டுகிறோம்" என்று அவர் தன்மையில் பேசுவதைக் கவனியுங்கள். அடிபட்டவர் தம் பாட்டைப் பற்றித் தாமே சொன்னால் அது சாட்சி. அதையே நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு முன்னிலையில் "உனக்கு இது நல்லதுக்குத்தான்" என்றால் தீர்ப்பாகிவிடும்.

அண்ணன்மார் குழியில் தள்ளி, பிறகு அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பின் கதையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று அவன் அண்ணன்மாரிடம் சொல்வது ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 வயதில் விற்கப்பட்டான். 30 வயதில் பார்வோன் முன் நின்றான். ஏழு வளமான வருஷம், பஞ்சத்தில் இரண்டு வருஷம் கழித்துக் குடும்பம் எகிப்துக்கு வருகிறது. தகப்பன் அங்கே 17 வருஷம் வாழ்ந்து மரிக்கிறார். ஆக, குழியில் தள்ளப்பட்டு ஏறத்தாழ 39 வருஷம் சென்றபின் வந்த வார்த்தை அது. அதைச் சொன்னவன் குழியில் கிடந்தவன். கெஞ்சியவனின் தலைக்கு மேலே நின்று அந்த அண்ணன்மார் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நம்மில் பலர் ஆறுதல் என்று நினைத்துச் செய்வது அதுதான்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த நீதிமான் யோபு. அவனுடைய நண்பர்கள் செய்ததும் அதுதான். அவர்களை நாம் எளிதாகக் குறை சொல்கிறோம். ஆனால் தொடக்கத்தில் அவர்கள் செய்தது மிகச் சரியானது. தூரத்திலிருந்து வந்தார்கள், சத்தமிட்டு அழுதார்கள், ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். யோபு வாய் திறந்து தன் பிறந்த நாளைச் சபித்த பிறகுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. அவர்கள் காதில் விழுந்தது ஒரு மனிதனின் வலி. அவர்களோ அதைத் தேவனுக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொண்டு தேவனுக்காக வழக்காடக் கிளம்பினார்கள். குற்றமில்லாமல் அழிந்தவன் யார் என்று எலிப்பாஸ் கேட்கிறான். உன் பிள்ளைகள் தங்கள் பாவத்துக்காகத்தான் செத்தார்கள் என்கிற பொருளில் பில்தாத் பேசுகிறான், பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் புதைத்தவனிடம்! பாவத்துக்குத் தகுந்த தண்டனைகூட உனக்கு வரவில்லை என்கிறான் சோப்பார். "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு அவர்களுக்குப் பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

யோபு புத்தகத்தின் 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பேசுகிறார். முதல் இரண்டு அதிகாரங்களில் யோபுவைச் சோதிப்பது பற்றிப் பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. கர்த்தர் அதை அவனுக்குச் சொல்வதே இல்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது எங்கேயிருந்தாய் என்று கேட்கிறார், ஆளில்லா வனாந்தரத்தில் பெய்யும் மழையைக் காட்டுகிறார், வரையாடு குட்டி போடும் வேளையைக் காட்டுகிறார். காரணம் தரவில்லை, தம்மைத் தருகிறார். பிறகு எலிப்பாஸிடம் திரும்பி, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய், அதாவது சரியாய்ப், பேசவில்லை என்று கோபிக்கிறார். அழுது, வாதாடி, நியாயம் கேட்டவன் பேச்சு நிதானமானது. தேவனை நியாயப்படுத்தியவர்கள் பேச்சு தவறானது. வேதத்தில் என்னை மிகவும் அசைக்கிற தீர்ப்பு இது.

"விசுவாசம் குறைவு, அதனால்தான் குணமாகவில்லை" என்ற பேச்சைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பவுல் "முள்" என்று தாம் சொன்ன சரீரத் துன்பம் நீங்க மூன்று முறை வேண்டினார், முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. தம் தோழன் துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியாகவே விட்டு வந்தார். தம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். ஆகவே விசுவாசத்தைக் காட்டவென்று மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் பவுலைவிடப் பெரிய விசுவாசி அல்ல. அப்படி நிறுத்தி உயிருக்கு ஆபத்தாகும்போது, பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பழியும் விழுகிறது.

சரி, பாடுபடுகிறவர் என்ன செய்வது? புலம்பலாம். வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பழக வேண்டுமானால் 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் நான்கு முறை "எதுவரைக்கும்" வருகிறது, அது முறையீடு. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு தாளில் உங்கள் நான்கு "எதுவரைக்கும்" என்னென்ன என்று எழுதுங்கள். பூசி மெழுகாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு வேண்டுதல், இன்றைய நாளுக்கானது: தூக்கம், வலி குறைவது, பரிசோதனை முடிவு, எதுவானாலும். பலர் தவறுவது மூன்றாம் பகுதியில். முறையீட்டைத் தாண்டி நேரே நம்பிக்கைக்குத் தாவிவிடுகிறார்கள், அடக்கிய துக்கம் சில மாதங்களில் எரிச்சலாகவோ மரத்துப்போன மனமாகவோ வெளிவருகிறது. நம்பிக்கையின் வார்த்தை வராவிட்டால் வெற்றிடமாக விடுங்கள். 88ஆம் சங்கீதம் அப்படித்தான் முடிகிறது. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல்லே "இருள்". அதையும் ஜெபம் என்றே வேதம் வைத்திருக்கிறது. சிலுவையில் இயேசுவும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று ஒரு சங்கீதத்தால்தான் கதறினார்.

பாடுபடுகிறவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு யோவான் 11ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் இல்லை. "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று, சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளோடு அழுகிறார். சற்று நேரத்தில் லாசரு எழும்புவான் என்று தெரிந்தும் அழுகிறார். ஆகவே எதிரே இருப்பவர் பேசக் கேட்கிறாரா, அழத் துணை தேடுகிறாரா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லையென்றால் பேசாமல் உட்காருங்கள். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டு வராதீர்கள், கேட்கும் தெம்பு அவர்களுக்கு இருக்காது. "வியாழக்கிழமை மருத்துவமனைக்கு நான் கூட வருகிறேன்" என்று நாளையும் வேலையையும் நீங்களே சொல்லுங்கள்.

"கர்த்தர் இன்னொரு பிள்ளை தருவார்" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். யோபுவின் ஆடு 7,000, பின்பு 14,000. ஒட்டகம் 3,000, பின்பு 6,000. எல்லாம் இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் முன்பும் பத்து, பின்பும் பத்து. முதல் பத்துப் பேருக்குப் பதிலாக யாரும் வந்துவிட முடியாது. அதனால்தானோ என்னவோ, யோபுவின் சிறையிருப்பு, அதாவது துன்பநிலை, மாறிற்று என்று சொன்ன அடுத்த வசனத்திலேயே சகோதர சகோதரிகளும் அறிமுகமானவர்களும் யோபுவின் வீட்டுக்கு வந்து, அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவனுக்கு ஆறுதல் சொல்லி, ஆளுக்கொரு காசும் பொன் ஆபரணமும் கொடுத்துப் போகிறார்கள்.

நன்றி, வணக்கம்.