ட்ரெவிதிக்: ஒரு பண்ணையின் பெயர் போன தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது எனக்கு உடனே மனதில் வந்த பெயர் ட்ரெவிதிக். தண்டவாளத்தில் ஓடிய முதல் நீராவி இன்ஜினைச் செய்தவர் யார் என்று கேட்டால் பலரும் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஸ்டீபன்சன் இன்ஜின் கட்டத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1804 பிப்ரவரி 21 அன்று, வேல்ஸில் உள்ள பெனிடாரன் இரும்பாலையில் ரிச்சர்ட் ட்ரெவிதிக் செய்த இன்ஜின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கு மேல் ஓடியது. அந்த மனிதரை நாம் மறந்தது பெரிய குறைதான். இன்று அவரைப் பற்றி மட்டும் பேசப் போவதில்லை. அந்தப் பெயர் எந்த மண்ணில் முளைத்தது, எந்தெந்த நாடுகளுக்குப் போனது, ஏன் போனது என்று சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தின் வரைபடத்தில் தென்மேற்கு மூலையில் ஒரு நிலத்துண்டு கடலுக்குள் கால் நீட்டியதுபோல் கிடக்கும். அதுதான் கார்ன்வால். அங்கே ஒரு காலத்தில் மக்கள் பேசியது ஆங்கிலம் இல்லை. கார்னிஷ் என்ற மொழி. வேல்ஸ் மொழிக்கும், பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் பேசும் பிரெட்டன் மொழிக்கும் நெருங்கிய உறவு. அந்த மொழியில் 'ட்ரெ' என்றால் பண்ணை வீடு, குடியிருப்பு. 'பொல்' என்றால் குளம். 'பென்' என்றால் தலை, முனை. கார்ன்வால்காரர்களை இந்த மூன்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று ரிச்சர்ட் கேரூ என்பவர் 1602 இலேயே எழுதி வைத்திருக்கிறார். ட்ரெலானி, ட்ரெகியர், பொல்கிங்ஹார்ன், பென்ரோஸ், பென்கெல்லி, இப்படிப் போகும் அந்த வரிசை.

இவை பெரும்பாலும் நிலத்தின் பெயர்கள். ஒரு பண்ணையில் குடியிருந்தவரை அந்தப் பண்ணையின் பெயரால் அழைத்தார்கள். அவர் வேறு பண்ணைக்குக் குடிபோனால் பெயரும் மாறிவிடும். அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி வேறு பெயரிலும் இருந்ததுண்டு. இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் குடும்பப் பெயர் நிலைத்துவிட்ட பிறகும் மேற்குக் கார்ன்வாலில் இந்தப் பழக்கம் வெகுகாலம் தொடர்ந்தது. 1538 இல் ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. பெயர் ஏட்டில் ஏறிய பின் அது மெல்ல மெல்ல உறைந்து போனது. கார்ன்வாலில் ட்ரெவிதிக் என்ற ஊர் ஒன்றுக்கு மேல் உண்டு. அதனால் இந்தப் பெயர் உள்ள எல்லோரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெவ்வேறு பண்ணைகளில் இருந்த, உறவே இல்லாத குடும்பங்கள் ஒரே பெயரைச் சுமந்திருக்கலாம். தங்கள் வம்சத்தைத் தேடுகிறவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

எல்லாப் பெயரும் நிலப் பெயர் இல்லை. 'ஆங்கோவ்' என்ற பெயருக்குக் கொல்லர் என்று பொருள். 1497 இல், ஸ்காட்லாந்து மீதான போருக்காக ஏழாம் ஹென்றி விதித்த வரியை எதிர்த்துச் செயின்ட் கெவர்ன் ஊரின் கொல்லர் மைக்கேல் ஜோசப், கார்ன்வாலிலிருந்து லண்டன் வாசல் வரை ஒரு கூட்டத்தை நடத்திச் சென்றார். அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு மக்கள் வைத்த பெயர் ஆன் கோவ். அதே தொழிற்பெயரைக் கொண்ட வில்லியம் தாமஸ் ஆங்கோவ் என்ற மருத்துவர் 1886 இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறித் திராட்சை பயிரிட்டார். அங்கே அந்தப் பெயரில் ஒரு மது ஆலை இன்றும் நடக்கிறது.

சரி, ட்ரெவிதிக்குக்கு வருவோம்.

ரிச்சர்ட் பிறந்தது 1771 ஏப்ரல் 13 அன்று. ஊர் இல்லோகன் வட்டாரத்தில் ட்ரெகஜோரன். கவனித்தீர்களா, ஊர் பெயரிலும் ஒரு ட்ரெ. கார்னிஷ் மொழியின் கடைசிப் பேச்சாளர்களில் ஒருவராகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் மவுஸ்ஹோல் என்ற மீனவக் கிராமத்தில் இறந்தது 1777 இல். அதாவது ரிச்சர்ட் சிறுபிள்ளையாக இருந்தபோதே அந்த மொழி வாயிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. மொழி போய்விட்டது, பெயரில் மட்டும் தங்கிவிட்டது. பென்ட்ரீத் என்பதும் கடற்கரையின் முனை என்று பொருள்படும் ஒரு கார்னிஷ் பெயர்தான்.

ரிச்சர்டின் அப்பா டோல்கோத் என்ற செம்புச் சுரங்கத்தில் கேப்டன். கார்ன்வாலில் சுரங்கத்தை நடத்துகிறவரைக் கேப்டன் என்றுதான் அழைப்பார்கள். அங்கே பூமிக்குள் செம்பும் வெள்ளீயமும் உண்டு, நிலக்கரி மட்டும் கிடையாது. ஆழமாகத் தோண்டத் தோண்ட ஊற்று நீர் பொங்கும். அதை இறைக்க நீராவி இன்ஜின் வேண்டும். இன்ஜினுக்கு வேண்டிய கரி வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆகவே கார்ன்வாலில் ஒவ்வொரு கூடைக் கரிக்கும் கணக்கு உண்டு. ஜேம்ஸ் வாட்டின் இன்ஜின் கரியை நன்றாக மிச்சப்படுத்தியது. ஆனால் மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டின் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அந்தக் காப்புரிமை 1800 வரை நீடித்தது. சுரங்கக்காரர்களுக்கு இதில் இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

வாட் குறைந்த அழுத்த நீராவியை நம்பினார். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிகலன் வெடிக்கும் என்று பயந்தார். ட்ரெவிதிக் துணிந்து கூட்டினார். இதனால் நடந்தது என்ன? இன்ஜின் சிறுத்தது. வாட்டின் இன்ஜினுக்கு ஒரு கட்டடமே தேவை. ட்ரெவிதிக்கின் இன்ஜினை வண்டியில் ஏற்றலாம், அதற்கே சக்கரம் மாட்டி ஓடவும் விடலாம். 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேம்போர்ன் ஊர் மேட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவருடைய நீராவி வண்டி ஏறியது. இன்ஜின் சிறுத்ததால்தான் அது கப்பலேறவும் முடிந்தது. இந்தக் குடும்பம் உலகம் சுற்றியதற்கு மூல காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

பெரு நாட்டில் செர்ரோ டி பாஸ்கோ என்று ஒரு வெள்ளிச் சுரங்க நகரம். கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டருக்கு மேல். சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பி வேலை நின்றுபோயிருந்தது. பிரான்சிஸ்கோ உவில்லே என்பவர் இன்ஜின் தேடி இங்கிலாந்துக்கு வந்தார். கோவேறு கழுதைகள் ஏறும் மலைப்பாதை வழியாக வாட் வகை இன்ஜினின் கனத்த பாகங்களைக் கொண்டுபோக வழியில்லை. காற்றழுத்தம் குறைந்த அந்த உயரத்தில் அது சரியாக வேலை செய்யவும் செய்யாது. மனம் உடைந்த உவில்லே லண்டனில் ஒரு கடையில் ட்ரெவிதிக் இன்ஜினின் சிறு மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்கிப் பெருவுக்குக் கொண்டுபோனார். மலை உச்சியில் வைத்து ஓட்டிப் பார்த்தார். ஓடியது! திரும்பவும் இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்து செய்தவரையே நேரில் பிடித்துவிட்டார்.

1814 இல் ஒன்பது இன்ஜின்கள் கப்பலேறின. அவற்றோடு போன கார்ன்வால்காரர்கள் மூவர்: ஹென்றி விவியன், வில்லியம் புல், தாமஸ் ட்ரெவார்தன். மூன்றாமவர் பெயரிலும் பண்ணை வீடு இருக்கிறது பாருங்கள். இரும்பை மட்டும் அனுப்பினால் போதாது. எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும், கொதிகலன் எப்படி முனகினால் ஆபத்து என்பதெல்லாம் அன்று புத்தகத்தில் கிடையாது. கைப்பழக்கத்திலும் காதிலும் இருந்தது. ஆகவே இன்ஜின் போன இடத்துக்கெல்லாம் ஆளும் போக வேண்டியிருந்தது. பணிமனையில் காலம் கழித்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

1816 அக்டோபரில் ட்ரெவிதிக்கே பென்சான்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். வீட்டில் மனைவி ஜேன், ஆறு குழந்தைகள். அவர் திரும்பியது 1827 அக்டோபரில். இடையில் பெருவில் விடுதலைப் போர் மூண்டு சுரங்கமும் இன்ஜின்களும் சீரழிந்தன. அவர் கோஸ்டா ரிகா போய் அங்கும் சுரங்க வேலை பார்த்து, காடுகளைக் கடந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கார்த்தஹேனா துறைமுகம் வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. அங்கே எதிர்ப்பட்டவர் ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன் ராபர்ட். அவர் கொடுத்த 50 பவுனில்தான் ட்ரெவிதிக் ஊர் வந்தார்.

அந்தப் பதினோரு ஆண்டுகளும் வீட்டைக் காப்பாற்றியவர் ஜேன் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் ஹேல் ஊரின் ஹார்வி வார்ப்படச் சாலைக் குடும்பத்துப் பெண். ஹேலில் ஒயிட் ஹார்ட் என்ற விடுதியை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். குடும்பப் பெயரின் வரலாறு என்று எழுதும்போது ஆண்களின் பயணம்தான் ஏட்டில் ஏறுகிறது. பெயர் பிழைத்துக் கிடந்தது ஜேன் போன்ற பெண்களால். கார்ன்வாலில் இப்படிக் கடல் கடந்த கணவன் அனுப்பும் பணத்துக்காகக் காத்திருந்த வீடுகள் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகின. பணம் வராத வீடுகளும் இருந்தன.

ரிச்சர்ட் 1833 ஏப்ரல் 22 அன்று கென்ட் பகுதியில் டார்ட்ஃபோர்ட் ஊரில் ஒரு விடுதி அறையில் இறந்தார். அடக்கச் செலவுக்குப் பணமில்லை. கூட வேலை செய்த பட்டறைத் தொழிலாளர்கள் காசு போட்டு அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு அடையாளக் கல்கூட வைக்கவில்லை.

அப்புறம் அடுத்த தலைமுறை. மகன் பிரான்சிஸ், க்ரூ நகரில் பெரிய ரயில் கம்பெனி ஒன்றின் இன்ஜின் பிரிவுக்குத் தலைவராக உயர்ந்தார். 1872 இல் தந்தையின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டதும் அவர்தான். பிரான்சிஸின் மகன்களில் ஒருவர் எகிப்து அரசு ரயில்வேயில் பணிசெய்தார். இன்னும் இருவர் ஜப்பானுக்குப் போனார்கள். இளையவர் பிரான்சிஸ் ஹென்றி 1876 இல் போனார். ஜப்பானில் முதல் ரயில் ஓடி அப்போது நான்கே ஆண்டுகள். மூத்தவர் ரிச்சர்ட் பிரான்சிஸ் 1888 இல் போனார். அவர் கோபே பணிமனையில் ஜப்பானியத் தொழிலாளர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து, அவர்கள் கையாலேயே 1893 இல் ஓர் இன்ஜினைக் கட்டி முடித்தார். ஜப்பானில் உருவான முதல் ரயில் இன்ஜின் அதுதான். உலகின் முதல் இன்ஜினைத் தாத்தா ஓட்டி 89 ஆண்டுகள் கழித்து, பேரன் இன்னொரு நாட்டின் முதல் இன்ஜினைக் கட்டுகிறார். இதைப் படித்த அன்று நான் பார்த்த வேலையின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ட்ரெவிதிக்குகள் படித்து முன்னேறிய குடும்பம். சாதாரணச் சுரங்கத் தொழிலாளிகளின் கதை இதைவிடக் கடுமையானது. 1866 இல் செம்பு விலை சரிந்தது, கார்ன்வாலின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒவ்வொரு பத்தாண்டிலும் இளம் ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் மூண்டா, வாலரூ, கடினா ஆகிய மூன்று செம்பு ஊர்களுக்குக் குட்டிக் கார்ன்வால் என்றே பெயர். கலிபோர்னியாவின் கிராஸ் வேலி, மிச்சிகனின் செம்பு மாவட்டம், தென்னாப்பிரிக்காவின் தங்க வயல்கள், எங்கே போனாலும் ட்ரெ, பொல், பென் காதில் விழும். போன இடத்திலெல்லாம் இவர்களுக்குக் 'கசின் ஜாக்' என்று பட்டப்பெயர். ஆள் தேவை என்றால் ஊரில் என் மச்சான் ஜாக் இருக்கிறான், வரச் சொல்லட்டுமா என்று கேட்பார்களாம், அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. மெக்சிகோவின் பச்சுகாவில் இன்றும் கடைகளில் 'பாஸ்தே' விற்கிறார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட கார்ன்வால் பேஸ்டிதான் அது. இப்போது அதில் மிளகாயும் சேர்ந்துவிட்டது.

பச்சுகாவுக்கு அவர்களைக் கொண்டுபோனது 1824 இல் தொடங்கிய ரியல் டெல் மோன்டே கம்பெனி. அதை முன்னின்று நடத்தியவர் ஜான் டெய்லர். அவர் பெயரைத் தாங்கிய 'ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்' நிறுவனம்தான் 1880இன் சமயத்தில் கோலார் தங்கவயலில் கால் வைத்தது. ஆமாம் நேயர்களே, நம் கோலார்தான். மேலே கார்ன்வாலிலிருந்து வந்த கேப்டன்களும் மேற்பார்வையாளர்களும். கீழே பாறையை உடைத்த கைகளில் பெரும்பகுதி வடார்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்களுடையவை. சம்பளத்திலும் குடியிருப்பிலும் இரு தரப்புக்கும் இருந்த வேறுபாடு பெரிது, அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஆழச் சுரங்கம் தோண்டும் வித்தை டோல்கோத்திலிருந்து தங்கவயலின் மாரிகுப்பம் வரை வந்த வழி இது. தங்கவயலில் தாத்தா வேலை பார்த்த குடும்பங்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், பழைய சம்பளச் சீட்டிலோ புகைப்படத்தின் பின்புறத்திலோ ட்ரெ என்று தொடங்கும் ஒரு துரையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார்ன்வாலின் ரெட்ருத் நகரில் 2019 இல் திறந்த 'கிரெசன் கெர்னோ' ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். எழுத்துக்கூட்டல் முன்னே பின்னே இருந்தாலும் தயங்க வேண்டாம். பழைய பதிவேடுகளில் எழுதியவர் காதில் விழுந்தபடிதான் பெயர்கள் இருக்கும்.

கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடின. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1998 மார்ச்சில், கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டியும் மூடிவிட்டது. கேம்போர்னுக்கும் ரெட்ருத்துக்கும் நடுவே, ட்ரெவிதிக் பிறந்த ஊரின் பக்கத்தில் இருக்கிறது அது. மூடியதும் தண்ணீர் ஏறி நிரம்பியது. வெள்ளீயத்துக்கு இப்போது மறுபடியும் கிராக்கி வந்திருப்பதால் அதைத் திறக்க ஒரு நிறுவனம் முயல்கிறது. 2023 முதல் பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை மின்சாரப் பம்புகள்.

வணக்கம்.