தொட்டியில் ஊற்றும் நீரை முதலில் சோதியுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன் சேர், ஆனாலும் நைத்திரேற்று இறங்கவே இல்லையே, ஏன்?" கல்லடியிலிருந்து கேட்கிறார்கள், காத்தான்குடியிலிருந்து கேட்கிறார்கள், சாய்ந்தமருதிலிருந்தும் கேட்கிறார்கள். இவர்கள் யாரும் அக்கறையற்றவர்கள் அல்லர். கண்ணாடியில் ஒரு பாசிப்புள்ளி படர விடாமல் பார்த்துக்கொள்பவர்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: தொட்டியில் ஊற்றுகிற தண்ணீரைச் சோதித்தீர்களா? அநேகமாக இல்லை என்றே பதில் வரும்.

அந்தப் பதிலுக்குள் போவதற்கு முன், தொட்டிக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்குகிறது. இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குகிறது. முதல் இரண்டும் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. நைத்திரேற்று அவ்வளவு கொடியது அல்ல, ஆனால் அது தானாகப் போவதும் இல்லை. சாதாரண வடிகட்டியில் அதற்கு மேல் எதுவும் நடக்காது. நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு சேரும்? கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 கிராம் மீனுணவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 சதவீதம் புரதம் என்றால் 4 கிராம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைதரசன். அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் கிட்டத்தட்ட 2.8 கிராம் வரும். 100 லீற்றர் தொட்டியில் அது லீற்றருக்கு 28 மில்லிகிராம். மீன் தன் உடல் வளர்ச்சிக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், ஆகவே உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே சேரும். ஆனாலும் 10 கிராம் என்பது மூன்று சிறிய தேக்கரண்டி அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஆசையோடு காலையில் ஒரு பிடி, பள்ளி விட்டு வந்து ஒரு பிடி, படுக்கப் போகும்போது ஒரு பிடி போடுகிறார்களே, அந்த வேகத்துக்கு எந்த வடிகட்டியும் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வளர்ந்த மீன்களை வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

நன்னீர்த் தொட்டியில் நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 40ஐத் தாண்ட விடாதீர்கள். குஞ்சுகளுக்கும் இறால்களுக்கும் அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது. சோதனைப் பெட்டி வாங்கும்போது அதன் தாளை வாசியுங்கள். சில பெட்டிகள் நைத்திரேற்றின் அளவைக் காட்டும், சில அதிலுள்ள நைதரசனின் அளவை மட்டும் காட்டும். நைதரசன் கணக்கில் 10 என்பது நைத்திரேற்றுக் கணக்கில் ஏறத்தாழ 44. ஒருவர் 10 என்று மகிழ்வார், மற்றவர் 44 என்று பதறுவார், இருவருடைய நீரும் ஒன்றாகவே இருக்கும். துளித்துளியாக விடும் திரவச் சோதனையில் இன்னொரு விடயம். பல பெட்டிகளில் இரண்டாவது போத்தலின் மருந்து அடியில் படிந்துவிடும். அதை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். மட்டக்களப்பின் எழுவான்கரையில் நாம் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல் துண்டில். உப்பு நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் நம் கிணறு. சில அடி தோண்டினாலே தண்ணீர் கிடைப்பது பெரும் வரம். ஆனால் அதே மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்கின்றன. மரக்கறித் தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் நீரோடு கீழே இறங்குகிறது. நைத்திரேற்று நீரில் முற்றாகக் கரைவது, மணலில் ஒட்டாது, நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்புவோம். தொட்டியில் 80 இருக்கிறது. ஊற்றும் நீரில் நைத்திரேற்றே இல்லை என்றால், பாதியை மாற்றினால் 40, மறுமுறை 20. அதே தொட்டிக்கு 30 உள்ள கிணற்று நீரை ஊற்றினால் முதலில் 55, அடுத்து 42, அதன்பின் 36. எத்தனை முறை மாற்றினாலும் 30க்குக் கீழே வரவே வராது. அந்த வாரத்து உணவு வேறு அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சீனி போட்ட தேநீரின் இனிப்பைக் குறைக்கச் சீனி போட்ட தேநீரையே ஊற்றுவது போன்ற வேலை இது.

ஆகவே நீரின் மூலத்தை மாற்ற வேண்டும். குழாய்நீர் வரும் வீடுகளில் வழி இலகு. மட்டக்களப்பு நகரப் பகுதிக்கு உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. அதையும் ஒருமுறை சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குளோரீன் போக, வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் நல்லது. அவசரம் என்றால் மீன் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்று உதவும். மாரிகாலத்தில் மழைநீர் இருக்கிறது. முதல் மழையைக் கூரை கழுவிப் போக விட்டுவிட்டு, பிறகு பீலியில் வருவதைப் பிடியுங்கள். துருப்பிடித்த தகரக் கூரையின் நீர் வேண்டாம். மழைநீரில் கனியுப்புகள் இல்லை, அதை மட்டும் ஊற்றுவது மீனுக்கு ஆகாது. கிணற்று நீரோடு சரிபாதி கலந்தால் உங்கள் 30 ஏறத்தாழ 15 ஆகிவிடும், மீனுக்கு வேண்டிய உப்புகளும் கிடைக்கும்.

இதைக் கேட்டதும் இன்றைக்கே முக்கால்வாசி நீரை இறைத்துவிட எழும்பாதீர்கள். நெடுநாள் கவனிக்காமல் விட்ட தொட்டி என்றால் அது ஆபத்து. பற்றீரியாவின் வேலை தொடர்ந்து அமிலத்தை உண்டாக்குவதால் அந்த நீர் காலப்போக்கில் புளித்துப்போயிருக்கும். அமிலம் கூடும்போது பற்றீரியா தளர்ந்துவிடும், அமோனியாவும் சேரத் தொடங்கும். ஆனால் அமில நீரில் அது அமோனியம் என்ற, அதிகம் தீங்கில்லாத வடிவில் இருக்கும். அதற்குள் காரத்தன்மையுள்ள புதுநீரை ஒரேயடியாகக் கொட்டினால் அமோனியம் அமோனியாவாக மாறும். காலையில் தண்ணீர் மாற்றி மாலையில் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் இப்படித்தான். பழைய மீன்கள் வாழும் தொட்டியில் கடையிலிருந்து வாங்கி விட்ட புது மீன் மட்டும் சாவதும் இதே கதையின் இன்னொரு பக்கம். பழையவை மெல்ல மெல்லப் பழகியவை, புதியது பழகவில்லை. கடைக்காரரைக் குற்றம் சொல்லுமுன் நீரைச் சோதியுங்கள். இத்தகைய தொட்டியில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் ஏழில் ஒரு பங்கு நீரை, ஒன்றுவிட்ட ஒரு நாள் மாற்றி, சில வாரங்களில் இறக்குங்கள். மாற்றும்போது மேல்நீரை மொண்டு எடுக்காமல், குழாயை அடியிலுள்ள கற்களுக்குள் விட்டு அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். வடிகட்டியின் பஞ்சை அந்த எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய்நீரில் கழுவினால் குளோரீன் நல்ல பற்றீரியாவையும் கொன்றுவிடும்.

செடிகள் பற்றி மகிழ்ச்சியோடு சொல்வேன். நைத்திரேற்று அவற்றுக்கு உணவு. நீருக்குள் மெதுவாக வளரும் செடியைவிட, வேர் நீரிலும் இலை காற்றிலும் உள்ள செடி வேகமாக உறிஞ்சும். நம் கங்குன் கீரை ஒன்றே போதும். நாலைந்து தண்டுகளைத் தொட்டியின் விளிம்பில் வேர் மட்டும் நனையச் செருகி, வெயில் படும்படி விடுங்கள். தளிர் வரவர நறுக்கி எடுக்க வேண்டும், நறுக்கி வெளியேற்றும் தண்டோடுதான் நைத்திரேற்றும் வெளியேறும். தொட்டிக்கு மருந்து போட்டிருந்தால் அந்தக் கீரையைச் சமைக்க வேண்டாம். மணி பிளான்ட் கொடியும் இதே வேலையைச் செய்யும். ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் மட்டும் கொண்டுவராதீர்கள். அவையும் உறிஞ்சும், ஆனால் மிஞ்சியதை யாராவது வாய்க்காலில் எறிவார்கள், வாவி மூடிக்கொள்ளும். எந்தத் தொட்டிச் செடியையும் மீனையும் வாவியிலோ குளத்திலோ விடாதீர்கள்.

கரித்தூள் நைத்திரேற்றை எடுக்காது. காற்றுக் குமிழியாலும் அது போகாது. போத்தலில் விற்கும் பற்றீரியாவில் பெரும்பாலானவை அமோனியாவை நைத்திரேற்றாக்குவதை விரைவுபடுத்துபவை, நைத்திரேற்றை அகற்றுபவை அல்ல. எடுத்த பழைய நீரை மிளகாய்க்கோ முருங்கைக்கோ ஊற்றுங்கள், உப்புப் போடாத தொட்டி என்றால் அது நல்ல உரம்.

கடைசியாக ஒன்று, மீனைவிட முக்கியமானது. தொட்டிக்காகக் கிணற்று நீரைச் சோதிக்கும்போது அளவு 50ஐ நெருங்கினால், அதைக் குடிக்கும் வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். மீன்தொட்டிப் பெட்டியின் சோதனை முடிவானது அல்ல. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, ஆய்வுகூடத்தில் முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை குழந்தையின் பாலுக்கு வேறு நீரை எடுங்கள்.

நன்றி, வணக்கம்.