திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள்: சேட்டிலைட் டிஎன்ஏ

அவையோருக்கு வணக்கம். சிங்கப்பூரில் மரபணுத்தொகையை, அதாவது ஓர் உயிரினத்தின் முழு டிஎன்ஏவை, பற்றிப் பேசுகையில் ஃபூகு என்னும் பேத்தை மீனைத் தொடாமல் செல்ல இயலாது. இங்குள்ள மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தின் பங்களிப்போடு 2002இல் வெளியான அம்மீனின் மரபணுத்தொகை, நம்முடையதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான்; மரபணுக்களின் எண்ணிக்கையிலோ பெரிய வேறுபாடு இல்லை. நம்மிடம் மிகுந்திருப்பவற்றுள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம். அவற்றில் சில அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. சில ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து நிற்கின்றன. இன்றைய பேச்சு வரிசையில் நிற்பவற்றைப் பற்றியது.

சீசியம் குளோரைடு கரைசலில் டிஎன்ஏவை இட்டு, அதிவேக மையவிலக்கியில் நெடுநேரம் சுழற்றினால், கரைசல் அடியில் அடர்ந்தும் மேலே இளகியும் அமைய, ஒவ்வொரு துண்டும் தன் அடர்த்திக்கு ஏற்ற உயரத்தில் நிலைகொள்ளும். 1960களின் தொடக்கத்தில் சுண்டெலியின் டிஎன்ஏவை அவ்வாறு சுழற்றியபோது, பெரிய பட்டைக்குச் சற்று மேலே ஒரு சிறு பட்டை தனித்து நின்றது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரும் அந்தப் பட்டைக்குத்தான் சேட்டிலைட், அதாவது துணைக்கோள், என்று பெயர் வைத்தார்கள். அது குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டி இருப்பதை ஆய்வாளர்கள் மேரி லூ பார்ட்யூவும் ஜோசப் காலும் 1970இல் காட்டினார்கள்.

மனிதரிடம் அந்த இடுப்பில் இருப்பது ஆல்ஃபா சேட்டிலைட். அதன் அலகு, அதாவது திரும்பத் திரும்ப வரும் துண்டு, ஏ, டி, ஜி, சி என்னும் டிஎன்ஏ எழுத்துகளில் 171 கொண்டது. அலகுகள் தமக்குள் கணிசமாக வேறுபட்டாலும், எக்ஸ் குரோமோசோமில் பன்னிரண்டு அலகுகள் சேர்ந்த ஒரு தொடர் ஏறக்குறைய மாறாமல் ஆயிரம் முறைக்கும் மேல் வருகிறது. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகள் பற்றிக்கொள்வதற்கான புரத அமைப்பு இங்குதான் கட்டப்படுகிறது. ஆயினும் இவ்வெழுத்துகள் உயிரினத்துக்கு உயிரினம் வெகு வேகமாக மாறுகின்றன. எனவே இங்கே எழுத்தைவிட அடுக்குக்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. 68 எழுத்து அலகுடைய பீட்டா, ஐந்தெழுத்து அலகுடைய மூன்றாம் சேட்டிலைட் முதலியனவும் உண்டு.

அலகு சில பத்து எழுத்துகளாகச் சுருங்கினால் அது மினிசேட்டிலைட். அந்த அலகுகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுவதைக் கொண்டே பிரிட்டிஷ் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் மரபணுக் கைரேகை முறையைக் கண்டார். ஒன்று முதல் ஆறு எழுத்து வரையிலானது மைக்ரோசேட்டிலைட். இன்றைய தடயவியல் கூடங்கள் பெரும்பாலும் இதையே நாடுகின்றன. படியெடுக்கும்போது இழை வழுக்கினால் ஓர் அலகு கூடும் அல்லது குறையும். மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய்க்குரிய மரபணுவில் சிஏஜி என்னும் மூன்றெழுத்து நாற்பது முறையோ அதற்கு மேலோ வந்துவிட்டால் நோய் வருவது ஏறக்குறைய உறுதி.

இவ்வளவு முக்கியமான பகுதிகள் 2003இல் முடிந்த மனித மரபணுத்தொகைத் திட்டத்தில் பெரும்பாலும் வெற்றிடமாகவே விடப்பட்டன. எண் எழுதாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரங்களின் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு எது எந்த மாடி என்று அடுக்க முற்பட்டதைப் போன்றது அன்றைய நிலை. நீண்ட துண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் வந்த பின்னரே, 2022இல், விடுபட்ட சுமார் எட்டு விழுக்காடு நிரம்பியது. மறு ஆண்டு ஒய் குரோமோசோமும் முழுமை பெற்றது. ஆறு கோடியே இருபத்து நான்கு இலட்சம் எழுத்துகளில் பாதிக்கும் மேல் புதிதாகச் சேர்ந்தவை, அவற்றுள் பெரும்பகுதி சேட்டிலைட் அடுக்குகள். நலமாக வாழும் ஆண்களிடையே இவ்வடுக்கின் நீளம் பெரிதும் வேறுபடுகிறது. ஆகவே இப்பகுதிகளுக்கு வேலையே இல்லை, எல்லாம் குப்பை என்றவர்கள் அவசரப்பட்டதைப் போலவே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வேலை உண்டு என்போரும் அவசரப்படுகிறார்கள்.