மழைக்குத் தாங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டார், வீட்டிலேயே

[காட்சி: மழைத் தூறலில் ஒரு தெரு. வரிசையாக ஒளிரும் ஸ்டார்கள். நடுவில் ஒன்று நனைந்து தொங்கிப்போய் இருக்கிறது.]

டிசம்பர் பிறந்தால் நாகர்கோவில், மார்த்தாண்டம், தூத்துக்குடி பக்கம் வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிவிடும். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்கு வழிகாட்டியதாக மத்தேயு சுவிசேஷம் சொல்லும் நட்சத்திரம் அது. கடையில் மடக்கி விற்கும் அட்டை ஸ்டார் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடுவதில்லை. பனி கொட்டும் நாட்டு அலங்காரத்தை அப்படியே கொண்டுவந்து நம் சன்ஷேடில் தொங்கவிட்டால் இரண்டு மழைக்கு மேல் நிற்காது.

அதனால் இந்த வீடியோவில் அழகுக்கு முன்னால் மழையை யோசிப்போம். எலும்புக்கு மூங்கில், போர்வைக்குப் பழைய சேலை, வெளிச்சத்துக்கு 12 வோல்ட். அவ்வளவுதான் சரக்கு.

[காட்சி: தரையில் பத்து மூங்கில் பிளாச்சுகள். பக்கத்தில் அளவு டேப்.]

மூங்கில் பிளாச்சு பத்து வேண்டும். கூடை முடைபவர்களிடம் கேட்டால் ஒரு விரல் அகலத்துக்குச் சீவிக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் 89 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். ஏன் இப்படி ஒரு எண்? ஐந்து முனை ஸ்டாரில் ஒரு குச்சியை மற்ற குச்சிகள் இரண்டு இடத்தில் வெட்டும். அந்த இடங்கள் எங்கே விழும் என்பது வடிவத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம், நம் இஷ்டம் கிடையாது. 89 சென்டிமீட்டர் குச்சியில் இரண்டு நுனியிலிருந்தும் 34 சென்டிமீட்டரில் கோடு போட்டால் நடுவில் 21 மிஞ்சும். 34, 21, 34. இதுதான் சரியான விகிதம். கணக்குப் பிடித்தவர்களுக்கு 21, 34, 89 மூன்றும் ஃபிபனாச்சி எண்கள் என்பது உடனே கண்ணில் படும். பிடிக்காதவர்கள் பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள், போதும். இந்தக் கோடு இல்லாமல் கண் அளவில் கட்டினால் ஒரு கை நீண்டு ஒரு கை குட்டையாகி, எந்தப் பக்கம் திருப்பினாலும் கோணலாகத்தான் நிற்கும்.

இப்போது ஐந்து குச்சிகளைக் கொண்டு, பேனாவை எடுக்காமல் ஸ்டார் வரைவது போலவே அடுக்குங்கள். ஒரு குச்சி இன்னொன்றின் மேலே போனால் அடுத்ததன் கீழே போகட்டும். இந்தப் பின்னல் இருந்தால் பாதி பலம் கட்டு இல்லாமலேயே வந்துவிடும். கோடு கோட்டின் மேல் உட்கார்ந்ததும் முனைகளையும் குறுக்குப் புள்ளிகளையும் கட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துக் கட்டினால் நன்றாகப் பிடிக்கும். நைலான் கயிறும் சரிதான்.

இதேபோல் இன்னொன்று. ஆக இரண்டு தட்டை ஸ்டார்.

[காட்சி: இரண்டு ஸ்டார்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்க்கும் கை. பிறகு நடுவில் குறுக்குக் குச்சி செருகப்படுகிறது.]

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே இருக்கும் ஐந்து குறுக்குப் புள்ளிகளிலும் 15 சென்டிமீட்டர் குச்சி ஒவ்வொன்றை முட்டுக் கொடுங்கள். வயிறு உப்பி நிற்கும். பச்சை மூங்கிலாக இருந்தால் சுலபமாக வளையும். காய்ந்தது என்றால் முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

பிலிப்பைன்ஸில் பரோல் என்று ஒரு கிறிஸ்துமஸ் விளக்கு உண்டு. அதன் எலும்பும் ஏறக்குறைய இதுவேதான், மூங்கிலும் ஐந்து முனையும். அங்கே பம்பாங்கா மாகாணத்தில் சான் ஃபெர்னாண்டோ என்ற ஊரில் இதை இருபதடி உயரத்துக்குக் கட்டிப் போட்டியே நடத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான பல்புகள் பாட்டுக்கு ஏற்ப அணைந்து எரியும். அதை இயக்க அவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியது கம்ப்யூட்டர் இல்லை, இரும்பு டிரம்! டிரம்மின் மேல் காகித டேப்பைக் கோலம் போலக் கோலமாக ஒட்டுவார்கள். ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு ஹேர்பின் இருக்கும், அது டிரம்மைத் தொட்டுக்கொண்டே நிற்கும். டிரம்மைச் சுற்றும்போது பின் இரும்பைத் தொட்டால் விளக்கு எரியும், டேப்பின் மேல் ஏறினால் அணையும். மினுக்கு விளக்குப் பெட்டியை 200 ரூபாய்க்கு வாங்கிவிடலாம், ஆனால் இந்த மூளைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

சரி, நம் ஸ்டாருக்கு வருவோம். போர்வை.

[காட்சி: மூன்று துண்டுகள், ஒரே பல்பின் முன்னால்: கண்ணாடிக் காகிதம், பட்டக் காகிதம், நைலக்ஸ் சேலைத் துணி.]

திரையைக் கவனியுங்கள். கண்ணாடிக் காகிதத்துக்குப் பின்னால் பல்பு ஒரு புள்ளியாகத் தெரிகிறது. கண்ணைக் குத்துகிறது, ஆனால் ஸ்டார் ஒளிரவில்லை. பட்டக் காகிதத்தில் வெளிச்சம் அழகாகப் பரவுகிறது, ஆனால் ஒரு தூறலில் கிழிந்துவிடும். மூன்றாவது, பழைய நைலக்ஸ் சேலை. வெளிச்சத்தைப் பரப்புகிறது, நனைந்தாலும் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, காற்று உள்ளே புகுந்து வெளியே போகவும் விடுகிறது. பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தினால் காற்றடிக்கும்போது பாய்மரம் மாதிரி இழுக்கும், உள்ளே வியர்க்கவும் செய்யும். என் ஓட்டு சேலைக்குத்தான்.

நிறம் மட்டும் யோசித்து எடுங்கள். சிவப்புத் துணி சிவப்பு வெளிச்சத்தை மட்டும் விட்டு மற்றதை விழுங்கிவிடும். அதனால் அதே விளக்கு பாதிக்கும் குறைவாகத் தெரியும். மஞ்சள் சாய்ந்த வார்ம் ஒயிட் விளக்கில் நீலம் குறைவு, ஆகவே நீலத் துணி போட்டால் அழுக்கு நிறம்தான் கிடைக்கும். வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் துணி எடுத்து, ஓரத்துக்கு மட்டும் சிவப்போ பச்சையோ கரையாக வைத்தால் எடுப்பாக இருக்கும். சேலையில் ஏற்கெனவே கரை இருந்தால் வேலை மிச்சம்.

முன்பக்கத்துக்கு ஸ்டார் வடிவில் ஒரே துணி, பின்பக்கத்துக்கு இன்னொன்று. கைகளின் இடுக்குகளை மறந்துவிடாதீர்கள். அங்கே 34, 34, 15 சென்டிமீட்டர் அளவில் பத்து முக்கோணங்கள் திறந்திருக்கும், அவற்றையும் மூட வேண்டும். மைதாப் பசையும் வெள்ளைப் பசையும் மழையில் இளகிவிடும். செருப்புத் தைப்பவர்கள் தடவும் ரப்பர் பசை நிற்கும். இல்லையென்றால் ஊசி நூல், அதைவிட நம்பகமானது வேறில்லை. பின்பக்கம் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தைக்காமல் விட்டு ஊக்குப் போடுங்கள். விளக்கு அந்த வழியாகத்தான் உள்ளே போகும். ஸ்டாரைத் தொங்கவிட்டால் இரண்டு முனைகள் கீழே பார்க்கும் அல்லவா, அந்த இரண்டிலும் விரல் நுழையும் ஓட்டை விடுங்கள். உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வேண்டும்.

[காட்சி: சீரியல் செட்டின் பிளக் அருகே பெரிதாக்கிய படம்.]

அடுத்தது மின்சாரம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சீரியல் செட்டைப் பார்த்து, "சின்னச் சின்ன எல்இடி, இதில் என்ன ஷாக் அடிக்கப்போகிறது" என்று நினைக்கிறோம். பெரும்பாலான செட்டுகளில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி எதுவும் கிடையாது. ஒரு எல்இடிக்கு 2 அல்லது 3 வோல்ட் போதும். ஆகவே பல டஜன் எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 230 வோல்ட்டை அவற்றுக்குள்ளேயே பங்குபோட விடுகிறார்கள். அந்தக் கோவையில் எங்கே வயர் உரிந்திருந்தாலும், ஈரத் தரையில் நின்று அதைத் தொட்டால், நீங்கள் தொடுவது வீட்டு மின்சாரத்தைத்தான். உலர்ந்த வரவேற்பறையில் போட்டுக்கொள்ளுங்கள். மழையில் நனையும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

நாம் எடுப்பது 12 வோல்ட் எல்இடி ஸ்டிரிப், வார்ம் ஒயிட், ஐபி65 என்று போட்டது. 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஒரு மீட்டர் நமக்குப் போதும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள சாதாரண வகை சுமார் 5 வாட் இழுக்கும். அதில் மூன்று மூன்று எல்இடியாகச் சேர்த்திருப்பார்கள். கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள், நடுவில் வெட்டினால் அந்த மூன்றும் எரியாது. வெட்டிய நுனியையும் வயர் சேரும் இடத்தையும் சிலிக்கான் பசையால் மூடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் தண்ணீர் புகாது என்பது நம் ஊர் மூடநம்பிக்கைகளில் ஒன்று.

[காட்சி: பிவிசி பைப் துண்டில் ஸ்டிரிப்பைச் சுற்றும் கை.]

ஒரு அங்குல பிவிசி பைப்பில் 10 சென்டிமீட்டர் துண்டு எடுத்து, அதன்மேல் ஸ்டிரிப்பைச் சுருளாகச் சுற்றினால் ஒரு மீட்டரும் ஏறக்குறைய அடங்கிவிடும். இந்தத் துண்டை ஸ்டாரின் நடுவில், வாய் உங்களைப் பார்க்கும்படி கட்டுங்கள். அப்போது வெளிச்சம் பக்கவாட்டில், ஐந்து கைகளுக்குள்ளும் ஓடும். நிமிர்த்தி வைத்தால் முன்துணிக்கு மிக அருகில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், முனைகள் இருட்டாகவே இருக்கும்.

அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்பியர். அது வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், எந்தச் சமாதானமும் இல்லை. ஜன்னல் வழியாக வெளியே போவது 12 வோல்ட் வயர் மட்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 10 மீட்டர் ஓடினாலும் இந்தச் சின்ன விளக்குக்கு அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. வயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். வயரைப் பிடித்து வழியும் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், சுவிட்ச் போர்டு வரை வராது.

ஏற்கெனவே வெளியே 230 வோல்ட் பல்பு போட்ட ஸ்டார் இருக்கிறது, மாற்ற மனமில்லை என்பவர்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் ஸ்டாரைப் பற்றி யோசிக்கலாம்.

[காட்சி: சன்ஷேட் கொக்கியில் ஸ்டார் ஏறுகிறது.]

மேல் முனையில் கயிறு போட்டு சன்ஷேடில் தொங்கவிடுங்கள். கீழ் முனைகள் இரண்டிலிருந்தும் கயிறு இழுத்து ஜன்னல் கம்பியிலோ தூணிலோ கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றில் சுற்றிச் சுற்றியே வயர் அறுந்துவிடும். மின்கம்பத்தில் கட்டாதீர்கள், மின் கம்பிக்குக் கீழே இரும்பு ஏணி வைக்காதீர்கள்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். மாலை 6 மணி முதல் 11 மணி வரை மாதம் முழுக்க எரித்தாலும் அடாப்டரின் நஷ்டத்தையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குள்தான் வரும். பழைய 40 வாட் குண்டு பல்புக்கு அதே நேரத்தில் 6 யூனிட் ஆகியிருக்கும். அந்த பல்பின் சூட்டில் காகிதம் கருகியதும் உண்டு.

ஞானிகள் வந்த திருநாள் ஜனவரி 6. அதுவரை ஸ்டார் இருக்கலாம். இறக்கியதும் ஐந்து முட்டுக் குச்சிகளையும் கழற்றுங்கள், ஸ்டார் தட்டையாகிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். துணி நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் மூங்கிலில் பூஞ்சை பிடிக்கும். ஸ்டிரிப் சுற்றிய பைப்பையும் அடாப்டரையும் ஒரே பையில் போட்டு ஸ்டாரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தனியாக வைத்தால் அடுத்த டிசம்பரில் அந்த அடாப்டரை வை-ஃபை ரௌட்டருக்குப் பின்னால்தான் தேட வேண்டியிருக்கும்.